இடுப்பு முறிந்த முதியோரும் கிருமிக் காப்பும்



வேலையின் பொருட்டுப் பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் சென்றால், சில ஆண்டுகளில் பெற்றோரும் அவர்களைத் தொடர்ந்து செல்வது இன்றைய வழக்கமாகிவிட்டது. திருப்பதி மாவட்டத்தில், காளத்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே இருப்புப்பாதை ஓரத்தில் உள்ள ஏர்பேட்டை எடுத்துக்கொள்வோம். சித்தூர்ச் சீமையில் தமிழும் தெலுங்கும் கலந்து வாழ்வது பழைய செய்தி. அண்மைக் காலத்தில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் அவ்வட்டாரத்தில் அமைந்தபின், புதிதாக வந்து குடியேறுவோரும் உண்டு. அத்தகைய ஒரு வீட்டில், எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் விடியற்காலையில் குளியலறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடக்கிறது. இவ்விரண்டு குறிகளையும் கண்டால், படம் பிடிப்பதற்கு முன்பே டாக்டர் இது தொடையெலும்பின் மேற்பகுதி முறிவு என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

இம்முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலோக மூட்டுப் பொருத்துவது இன்று பல நகரங்களிலும் நடைபெறுகிறது. அறுவை நன்றாக முடிந்த பின்னரும் சிலருக்கு அவ்விடத்தில் கிருமி புகுந்து, எல்லாப் பாடும் வீணாகிவிடுகிறது. கிருமி வராமற் காப்பதில் மருத்துவமனையின் பங்கு எவ்வளவு, குடும்பத்தாரின் பங்கு எவ்வளவு என்பதே இன்றைய பேச்சு. குடும்பத்தார் தங்கள் பங்கு ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பதால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

விழுந்தவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியதும் இவ்வட்டாரத்தில் முதலில் எழும் பேச்சு புத்தூரைப் பற்றியது. தமிழகத்தின் பட்டணங்களிலெல்லாம் ‘புத்தூர் கட்டு’ என்று பெயர்ப்பலகை காண்கிறோமே, அந்தப் பெயருக்கு மூலமான புத்தூர், ஏர்பேட்டுக்கு அண்மையிலுள்ள புத்தூரேயாகும். தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் கலை அங்கே வழங்கி வருகிறது. அக்கலையை இகழ்ந்து பேச எனக்கு விருப்பமில்லை. முன்கை எலும்பு முறிந்தால் பச்சிலையும் மூங்கிற் சிம்பும் வைத்து அசையாமற் கட்டுவது அறிவுக்குப் பொருந்திய செயலே. ஆனால் தொடையெலும்பின் கழுத்து என்பது வேறு. அது சதைக்குள் ஆழத்தில், இடுப்பு மூட்டின் உறைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே எத்துணை இறுக்கிக் கட்டினாலும் அம்முறிவை அசையாமல் நிறுத்த இயலாது. அன்றியும், எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சிறு நாளங்கள் அக்கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. எலும்பு விலகி முறியும்போது அந்நாளங்களும் கிழிந்துவிடுகின்றன. நீர் நின்றுபோன செடிபோல அத்தலை மெல்ல மடிகிறது. ஆதலின்தான் முதியோர் பலருக்கு மருத்துவர்கள் அத்தலையை நீக்கிவிட்டு உலோகத் தலையைப் பொருத்துகின்றனர். ஆஸ்டின் மூர் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்கும் காம்புடைய உலோகத் தலை நம் நாட்டு மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. கிண்ணத்தையும் சேர்த்து முழு மூட்டையும் மாற்றுவது இன்னொரு வகை.

கட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று கழியும் பத்து நாட்களில் எலும்பு கூடுவதில்லை. கிருமி மட்டும் கூடுகிறது. அசையாமல் கிடக்கும் முதியவரின் முதுகின் அடிப்புறத்தில் தோல் கன்றிப் புண்ணாகிறது. சிறுநீர் தேங்குகிறது. மார்பில் சளி கட்டுகிறது. பற்றுப் போட்ட இடத்தில் தோல் கொப்புளித்துவிட்டாலோ, கத்தி வைக்க வேண்டிய இடமே புண்ணாகிவிடுகிறது. அது ஆறும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியதுதான். இப்படி உடலின் நான்கு மூலைகளிலும் கிருமியைக் குடியேற்றிவிட்டு, அதன்பின் உலோக மூட்டை உள்ளே வைத்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று இரத்தத்தின் வழியே அங்கே போய்ச் சேராது என்று யார் உறுதி கூற இயலும்? இயன்றால் ஒன்றிரண்டு நாட்களுக்குள் அறுவை நடந்துவிட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ உலகின் கருத்து. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 3000 முதியோரிடம் நடத்தி 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், மிக விரைந்து அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; எனினும் சிறுநீர்த் தொற்றும் மனக்குழப்பமும் குறைவாக இருந்தன; அவர்கள் விரைவில் எழுந்து நின்றார்கள்.

உலோகம் உள்ளே இருக்கும்போது கிருமிக்கு ஏன் இத்துணை அஞ்ச வேண்டும் என்று கேட்கலாம். இதற்கு விடையளித்த ஒரு பழைய சோதனை உண்டு. 1957ஆம் ஆண்டில் எலெக், கோனென் என்ற இருவர், மனமுவந்து முன்வந்த சிலரின் தோலில் ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். வெறும் தோலில் சீழ் பிடிக்க இலட்சக்கணக்கான கிருமிகள் வேண்டியிருந்தன. அதே இடத்தில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தபோது, சில நூறு கிருமிகளே போதுமாயின. ஒரு நூலுக்கே இந்த நிலை என்றால், ஒரு சாண் நீள உலோகத்துக்கு என்ன சொல்வது! அயற்பொருளின் மேல் ஒட்டிக்கொண்ட கிருமிகள் தம்மைச் சுற்றிப் பாசிபோல் ஒரு வழவழப்பான படலத்தை நெய்துகொள்கின்றன. நாள் செல்லச் செல்ல அப்படலம் முதிர்கிறது. பின்னர் இரத்தத்தில் வரும் வெள்ளணுக்களும் மருந்தும் அதனுள் செவ்வனே ஊடுருவுவதில்லை. அந்நிலையில் உலோகத்தையே வெளியே எடுக்க நேரிடும். இடுப்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறக்கின்றனர் என்பது பல நாடுகளின் கணக்கு. அத்தகையோருக்கு இரண்டாவது, மூன்றாவது அறுவை என்பது எளிதில் தாங்கக்கூடியதன்று.

இக்கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நோயாளியின் தோலிலிருந்தும், சுற்றி நிற்பவர்களின் தோலிலிருந்தும் வருகிறது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று முறையை வகுத்த ஜான் சார்ன்லி இதனைத் தம் அனுபவத்தால் உணர்ந்தார். 1960களின் தொடக்கத்தில் அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் கிருமி பற்றியது. மருந்தை நம்பி அவர் வாளாவிருக்கவில்லை. அறுவைக் கூடத்தின் காற்றையே சந்தேகித்தார். மனிதர் அசையும்போதெல்லாம் தோலின் நுண்ணிய செதில்கள் கிருமியோடு காற்றில் உதிர்கின்றன என்று கண்டு, வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே பாயும் சிறு கூண்டு ஒன்றை அமைத்தார். மருத்துவர் விடும் மூச்சையும் குழாய் வழியே வெளியேற்றும் உடையை உடுத்தினார். சுமார் பத்தாண்டுகளில் அவர் கணக்கு இருநூறில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. அறுவைக் கூடத்துக்குள் தேவையற்றோர் நடமாடக் கூடாது, கதவை அடிக்கடி திறக்கக் கூடாது என்று இன்று கண்டிப்புச் செய்வதற்கும் இதுவே காரணம்.

கிருமிக்கொல்லி மருந்தைப் பற்றி நம்மவரிடையே ஒரு தவறான எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதிக மருந்து, அதிக நாள், அதிக விலை என்றால் அதிகக் காப்பு என்று எண்ணுகிறோம். உண்மை வேறு. 1961ஆம் ஆண்டில் ஜான் பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் கினிப்பன்றிகளிடம் செய்த சோதனையில், கிருமி புகுமுன்பே திசுக்களில் மருந்து இருந்தால் அது வெல்கிறது. கிருமி புகுந்து மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால் கொடாததற்குச் சமம் என்று கண்டார். 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 2847 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோதும் அதே உண்மை தெரிந்தது. கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் ஆயிரத்துக்கு ஆறு பேருக்கே தொற்று ஏற்பட்டது. அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பின் பெற்றவர்களிடம் அது நூற்றுக்கு மூன்றைத் தாண்டியது. பல மருத்துவமனைகளில் செஃபசோலின் போன்ற மருந்தைக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஊசியாகச் செலுத்துகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும், கடந்த 60 நிமிடங்களுக்குள் இம்மருந்து கொடுத்தாயிற்றா என்ற கேள்வி இருக்கிறது. அறுவை முடிந்தபின் காப்புக்காக இம்மருந்தை நாட்கணக்கில் நீட்டிக்க வேண்டுவதில்லை என்று அதே நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஆகவே, “எங்கள் தாயாருக்குப் பத்து நாள் உயர்ந்த ஊசியாகப் போடுங்கள்” என்று மருத்துவரை நெருக்குவதால் பயன் இல்லை. வேண்டாத மருந்து, வலுத்த கிருமிகளை மட்டும் மிஞ்சவிட்டுச் செல்கிறது.

இதற்கு அண்மைச் சான்று ஒன்று கூறுகிறேன். உலோக மூட்டை எலும்போடு பிணைக்கப் பயன்படும் சிமெண்டில் கிருமிக்கொல்லியைக் கலக்கும் வழக்கத்தை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து புக்ஹோல்ட்ஸ் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கினார். அது நல்ல முறை. ஒரு மருந்து நல்லது என்றால், இரண்டு மருந்துகளை மிகுந்த அளவில் கலந்தால் இன்னும் நல்லதன்றோ? இக்கேள்விக்கு விடை காண, பிரிட்டனில் 26 மருத்துவமனைகளில், இடுப்பு முறிந்து பாதி மூட்டு மாற்றிக்கொண்ட அறுபது வயதுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 4900 பேரிடம் ஆய்வு நடந்தது. 2023ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரே மருந்து கலந்த வழக்கமான சிமெண்டு பெற்றவர்களில் 90 நாட்களுக்குள் ஆழ்ந்த தொற்று நூற்றுக்கு 1.7, இரண்டு மருந்துகள் மிகுதியாகக் கலந்தவர்களில் 1.2. இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்றே ஆய்வாளர் முடிவு செய்தனர். விலை மிகுந்த பொருளைக் கேட்டுப் பெறுவதால் மட்டும் தாயார் காக்கப்படுவதில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. இரு பிரிவிலும் தொற்று நூற்றுக்கு இரண்டுக்குக் கீழே நின்றதையும் கருத வேண்டும். அந்த மருத்துவமனைகளில் நாள்தோறும் ஒழுங்காகச் செய்யப்பட்ட சாதாரணக் காரியங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று கருதுகிறேன்.

அச்சாதாரணக் காரியங்களில் பாதி நம் கையில் இருக்கிறது. முதலாவது நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் வெள்ளணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. புண் ஆறுவதும் தாமதமாகிறது. விழுந்த பரபரப்பில் முதியவரின் மாத்திரைச் சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அச்சீட்டையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். மூட்டு வலிக்கென்றோ மூச்சிரைப்புக்கென்றோ ஸ்டீராய்டு வகை மருந்தை நெடுநாள் உண்டவராயின் அதை மறைக்காமற் சொல்ல வேண்டும். காலில் ஆறாத புண், பாத வெடிப்பு, சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல் எதுவாயினும் அறுவைக்கு முன்பே கூறிவிட வேண்டும்.

மொழியும் இங்கே ஒரு தடையாகலாம். திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ பிள்ளை வீட்டுக்கு வந்த மூதாட்டிக்குத் தெலுங்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரவில் தாதியர் வந்து கேட்கும்போது வலிக்கு நொப்பி என்றும், காய்ச்சலுக்கு ஜ்வரம் என்றும், சீழுக்குச் சீமு என்றும் அவருக்கு நான்கு சொற்களைச் சொல்லி வைப்பது நல்லது. எல்லைப் பகுதி மருத்துவமனைகளில் தமிழ் அறிந்த தாதியரும் உண்டு. ஆயினும் அவர்கள் எல்லா நேரத்திலும் அருகிலிருப்பார்கள் என்று கொள்ள முடியாது.

அறுவைக்கு முன் சோப்பிட்டுக் குளிப்பாட்டவோ, படுக்கையிலேயே உடலைத் துடைத்துவிடவோ செய்வார்கள். அதற்கு ஒத்துழைக்க வேண்டும். மயிர் மழிப்பதைப் பற்றியும் ஒரு சொல். திருப்பதி நாட்டில் சவரக்கத்தி பக்திக்கு உரிய கருவி. அறுவை செய்யும் இடத்துக்கோ அது ஆகாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களை அது உண்டாக்குகிறது. அக்கீறல்களில் கிருமி தங்குகிறது. மயிரை நீக்கியே தீரவேண்டுமானால் கத்தரிக்கும் கருவியால் மருத்துவமனையாரே நீக்குவர். உதவுவதாக எண்ணி வீட்டில் யாரும் முதல்நாளே மழித்துவிட வேண்டாம்.

உணவைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் பத்தியத்தை எண்ணினால் எனக்கு வருத்தமே உண்டாகிறது. முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், பருப்பு புண்ணைப் பெருக்கும், கத்தரிக்காய் கரப்பான் என்று சொல்லிச் சொல்லி, அறுவை முடிந்த தாயாருக்கு இரசஞ் சோறும் ரொட்டியும் காப்பியும் கொடுத்து வைக்கிறோம். புண் ஆறுவதற்கும் கிருமியை எதிர்ப்பதற்கும் உடலுக்கு வேண்டிய மூலப்பொருள் புரதம். அது முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் மீனிலும் இருக்கிறது. சீழை உண்டாக்குவது கிருமி, பருப்பு அன்று. ஏற்கெனவே மெலிந்த உடலைப் பத்தியம் என்ற பெயரால் பட்டினி போடுவது கிருமிக்கு வழிவிடுவதாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

பார்க்க வரும் உறவினர் கூட்டம் இன்னொன்று. படுத்திருப்பவரின் கட்டிலிலேயே அமர்ந்து, போர்வையை விலக்கிக் கட்டைத் தொட்டுப் பார்த்து, “எத்தனை தையல்?” என்று கேட்பது நம் அன்பின் வழக்கம். அன்பு இருக்கட்டும்; கை கழுவிய பின்னரே நோயாளியைத் தொட வேண்டும், கட்டைத் தொடவே கூடாது. சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால், அதை எப்போது எடுப்பீர்கள் என்று நாள்தோறும் கேட்பதில் தவறில்லை. அது தேவைக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்குத் திறந்த வாயில். எழுந்து உட்காரச் சொன்னால் உட்கார வைக்கவும், நடக்கச் சொன்னால் தாங்கிப் பிடித்து நடத்தவும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். “பாவம், வலிக்கிறது, படுக்கட்டும்” என்பது இவ்விடத்தில் இரக்கமாகாது.

வீட்டுக்கு வந்தபின் புண்ணின்மேல் மஞ்சளோ, தேங்காய் எண்ணெயோ, விபூதியோ, கடையில் வாங்கிய பொடியோ இடுதல் ஆகாது. கட்டு நனையாமலும் அழுக்காகாமலும் இருந்தால் மருத்துவர் சொன்ன நாள்வரை அதைப் பிரிக்காமல் விடுவதே காப்பு. தையல் இட்ட இடத்தில் முதல் சில நாட்கள் சிறிது கசிவு இருப்பது உண்டு. ஒரு வாரம் கடந்தும் கசிவு நிற்கவில்லை, நின்ற கசிவு மீண்டும் தொடங்கிவிட்டது, சுற்றிலும் சிவந்து சூடேறுகிறது, குறைந்துவந்த வலி மறுபடியும் ஏறுகிறது, காய்ச்சல் வருகிறது; இவற்றுள் ஒன்று இருந்தாலும் போதும். முதியோருக்குச் சில வேளைகளில் காய்ச்சலே வருவதில்லை. உணவு வேண்டாமென்பதும், பிதற்றுவதும், நேற்று நடந்தவர் இன்று நடக்க மறுப்பதுமே குறியாக இருக்கும்.

அப்போது பெரும்பாலோர் செய்வது, தெருமுனை மருந்துக் கடைக்குச் சென்று ஐந்து நாள் மாத்திரை வாங்குவது. இது மிகவும் தீங்கு பயக்கும். அம்மாத்திரை மேலிருக்கும் சிவப்பை ஆற்றும். உள்ளே உலோகத்தின்மேல் கிருமி தன் படலத்தை நெய்துகொண்டே இருக்கும். பின்னர் மருத்துவர் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால், மருந்தின் மயக்கத்தில் கிருமி வளர்ந்து காட்டாது. எந்தக் கிருமி, எந்த மருந்து என்று அறிய வழியின்றிப் போகும். படலம் முதிர்வதற்கு முன், அதாவது முதல் சில வாரங்களுக்குள் வந்துவிட்டால், புண்ணைத் திறந்து நன்றாகக் கழுவி, மாற்றக்கூடிய பகுதியை மட்டும் மாற்றி, உலோக மூட்டை அதன் இடத்திலேயே காப்பாற்றப் பலருக்கு வாய்ப்புண்டு. அவ்வாய்ப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே அறுவை செய்த மருத்துவரிடமே திரும்பிச் செல்ல வேண்டும். ஏர்பேட்டிலிருந்து திருப்பதி ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய தூரம். எலும்பு நோய்க்கென்றே தேவஸ்தானம் நடத்தும் பர்டு மருத்துவமனையும், ருயா அரசு மருத்துவமனையும், ஸ்விம்ஸ் நிறுவனமும் அங்கே இருக்கின்றன. வேலூர் வரை சென்று அறுவை செய்துகொண்டவர்கள், அத்துணைத் தூரம் மறுபடியும் போவானேன் என்று தயங்காமல், முதலில் அம்மருத்துவமனைக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லி, அவர்கள் கூறும் வண்ணம் நடக்கலாம். விடுவிப்புச் சீட்டும், பொருத்திய உலோகத்தின் வகையும் எண்ணும் எழுதிய அட்டையும் அப்போது கையில் இருக்க வேண்டும். அவ்வட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துவிட்டால் தேட வேண்டியிராது.